மூளிக்காதும் ஹெவிவெயிட் சண்டையும்

ஒன்பது வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. பெருமாள்மலைப் பள்ளியில் என் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் ஜிமிக்கி ஆட்டிக்கொண்டு வர, நான் மட்டும் ஒட்டுத் தோட்டோடு போவேன். எங்கள் ஊரில் மழைக்கு நேரங்காலம் கிடையாது. நனைந்தால் தோடு உதிர்ந்துவிடும். உடனே யாராவது ஒருத்தி ‘மூளிக்காது’ என்று ஆரம்பித்துவிடுவாள்.

இதற்கெல்லாம் காரணம் மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி அவர். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்துகிற பேச்சே இல்லை. அந்த மடியோ திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் “அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன்க்கா” என்று போனில் சொல்லும். ஒருவழியாக வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, பழனிக்கும் கொடைக்கானலுக்கும் வேன் ஓட்ட ஆரம்பித்தார். ஆவணியில் ஒரு புதன்கிழமை, பழனி அடிவாரத்தில் காதுகுத்து என்று முடிவாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமாவோடு திருப்பூரிலிருந்து குத்துச்சண்டைப் பைத்தியமும் வந்து சேர்ந்ததுதான் வினை. தொண்ணூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் மோதுகிற ‘ஹெவிவெயிட்’ சண்டை. ஆளே ஒல்லிப்பிச்சானாக இருந்த மாமாவுக்கு அதில் அப்படி என்ன பிடித்ததோ தெரியாது. ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருந்த அப்பாவையும் ஒரே மாதத்தில் அது தொற்றிக்கொண்டது. வாசலுக்கு வரும் குரங்கைக்கூட விரட்டத் தெரியாதவர் அப்பா. “போங்கப்பா, போங்க” என்று கெஞ்சுவார். அவர்தான் எவன் குத்து எத்தனை வலுவானது, எவன் எத்தனை வருடம் தாக்குப் பிடிப்பான் என்றெல்லாம் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார்.

சண்டைக்காரர்களின் பெயர்கள் இருவர் வாயிலும் நுழையவில்லை. அதனால் அப்பாவுடைய ஆள் நெட்டையன், மாமாவுடைய ஆள் கட்டையன். கடையில் லாரி டயர் கழற்றுகிற நேரமெல்லாம் இதே பேச்சுத்தான்.

“ஒரு அடி போதும் மச்சான். இந்தா நிக்கிதே இந்த லாரி, இதுவே சாஞ்சுரும்.”

“அடி மேல விழணும்ல மாப்ள? நெட்டையன் கை நீளத்துக்கு ஒங்காளு கிட்டயே வர முடியாது. இவன் இன்னும் பத்து வருஷம் ஆடுவான் பாரு. கட்டையனுக்கு ரெண்டு வருஷத்துல முட்டி தேஞ்சுரும்.”

“தேயிறதுக்கு அது என்ன ஒங்க கடை டயரா?”

மாமா உடனே எழுந்துபோய், ஆணியில் தொங்கும் லாரி டியூபை ஒரு குத்துக் குத்திக் காட்டுவார். டியூப் அவர் கையைத் திருப்பி அடிக்கும். வலியைக் காட்டிக்கொள்ளாமல் கையைப் பையில் விட்டுக்கொள்வார்.

காதுகுத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நெட்டையனும் கட்டையனுமே நேருக்கு நேர் மோதப்போவதாகச் செய்தி வந்தது. அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடப்பது நமக்கு ஞாயிறு காலை டிவியில் வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேச்சு முற்றியது. அப்பா என்ன சொன்னாரோ, மாமாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

“கட்டையன் மட்டும் தோக்கட்டும், ஒங்க வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். நல்லது கெட்டது எதுக்கும் வர மாட்டேன். பழனியாண்டவர் மேல சத்தியம்!”

அப்பா சிரித்து விட்டிருக்கலாம். அவருக்கும் அன்று ரோஷம். “சொன்ன சொல்லு மாறக் கூடாது மாப்ள” என்றார்.

டீ கொண்டுவந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குத் தம்பியைத் தெரியும். பத்தாம் வகுப்பில் ஒரு கடையில் யாரோ ஏதோ சொன்னார்கள் என்று அந்தப் பக்கமே போக மாட்டேன் என்றவர், நாலு வருடம் சுற்றுவழியில் நடந்து பள்ளிக்கும் பஸ்ஸுக்கும் போனவர். “ஏலே, கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? புதங்கெழம பிள்ளைக்கிக் காது குத்து!” என்றாள். மாமா வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நெட்டையனுக்குக் காய்ச்சல் வர வேண்டும், கை சுளுக்க வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அப்பாவுடைய ஆளுக்கு எதிராக வேண்டுகிறோமே என்று உறுத்தலாகவும் இருந்தது. ஆனால் காது என்னுடையது.

ஞாயிறு காலை மாமா வந்தார். சண்டை முடியும்வரை வாசற்படியை மிதிக்கலாம் என்பது அவர் கணக்கு. இருவரும் டிவி முன்னால் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். இரண்டாவது ரவுண்டில் கட்டையன் விட்ட குத்தில் நெட்டையன் கயிற்றில் போய் விழுந்தான். மாமா துள்ளினார். நானும் துள்ளினேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நாலாவது ரவுண்டிலிருந்து நிலைமை மாறியது. நெட்டையனுடைய இடது கை கட்டையன் முகத்துக்குப் போய்ப் போய்த் திரும்பியது. கட்டையனுக்குப் புருவம் கிழிந்து ரத்தம் வந்தது. ஐந்தாவது ரவுண்டில் கால் தள்ளாட ஆரம்பித்தது.

எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுந்து அடுப்படிக்கு ஓடினேன். அங்கே அம்மா இல்லை. பின்வாசலில், மீட்டர் பெட்டிக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தாள். பீஸ் கட்டையைப் பிடுங்கி, இறங்கி வந்து, அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். என்னைப் பார்த்ததும் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

உள்ளே டிவி அணைந்து போயிருந்தது. “கரண்டு போச்சா?” என்று அப்பா கத்தினார்.

“எங்கயாச்சும் லைன் மேல மரம் விழுந்து கெடக்கும்” என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. “அவுங்க வேற லைனு” என்றாள். நாள் முழுக்கக் கம்ப்ரசரோடும் மோட்டாரோடும் மல்லுக்கட்டுகிற அப்பா, அன்று மீட்டர் பெட்டிப் பக்கமே போகவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சவாரி இருக்கிறது என்று மாமா கிளம்பினார். கரண்ட் வந்தபோது டிவியில் வேறு ஏதோ விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது எங்கள் வீட்டில் இணையம் பார்க்கிற போன் கிடையாது.

மிச்சம் இருந்தது திங்கட்கிழமைப் பேப்பர்தான். அதை வாங்கி வருவது என் வேலை. வழியிலேயே பிரித்துப் பார்த்தேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில், ஒரு மூலையில், நெட்டையன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அந்த மூலையைக் கிழித்து மடித்து வாயில் போட்டு மென்றுவிட்டேன். மை கசந்தது. “பேப்பர் கிழிஞ்சுருக்கே” என்று அப்பா கேட்டதற்கு, குரங்கு பிடுங்கியது என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு டீக்கடைப் பக்கம் கிளம்பினார்.

திங்களும் செவ்வாயும் மாமா வரவில்லை. அம்மா பழத்தட்டுக்கு வாங்கியதை எல்லாம் எடுத்துவைத்து எடுத்துவைத்துப் பார்த்தாள். நான் செவ்வாய் இரவு ஒட்டுத் தோட்டைக் கழற்றாமலேயே படுத்தேன்.

புதன்கிழமை வெள்ளனே வேன் சத்தம் கேட்டது. மாமா வெள்ளை வேட்டி சட்டையில் இறங்கினார். ஒரு கையில் பட்டுப் பாவாடை, மறு கையில் சின்னச் சிவப்புப் பெட்டி. வாசற்படியை மிதித்து உள்ளே வந்து, “வெரசாக் கெளம்புங்க, மலை எறங்கணும்ல” என்றார். அம்மா அடுப்படிக்குள் போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பாடா! நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த நெட்டையன் இறங்கிப் போன மாதிரி இருந்தது எனக்கு. சவரிக்காடு வளைவுகளில் எப்போதும் வாந்தி எடுக்கிற நான், அன்று பழனி வரை பாட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

அடிவாரத்து மண்டபத்தில் மாமா சம்மணமிட்டு உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் மாமாவின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். மாமா என் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“கேளு பாப்பா. ஆறாவது ரவுண்டு. நெட்டையன் எடது கையக் காட்டி ஏமாத்தி, வலது கையில விட்டான் பாரு ஒண்ணு. கட்டையன் பொத்துனு விழுந்தான். எட்டு எண்ணுறதுக்குள்ள எந்திரிச்சான். மறுபடி விழுந்தான். அம்புட்டுத்தான், எந்திரிக்கவே இல்ல.”

அந்தப் பேச்சிலேயே வலது காது முடிந்து போயிருந்தது. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சவாரிக்கு வந்த யாருடைய போனிலோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே முழுச் சண்டையையும் பார்த்துவிட்டாராம். இதை மாமா பல வருடம் கழித்துத்தான் சொன்னார். என் பயத்தை மறக்கடிக்கக் கதை கட்டுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் நான் மென்ற பேப்பரில் இருந்த மாதிரியே கதையிலும் ஏன் நெட்டையன் ஜெயிக்கிறான்?

தேங்காய் பழத் தட்டோடு நின்றிருந்த அப்பா குனிந்தார். டீக்கடையிலும் பேப்பர் வாங்குவார்கள், அப்பா அதைப் படித்திருப்பார் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

“யாரு மாப்ள ஒனக்குத் தப்பாச் சொன்னது? கட்டையன்தான் ஜெயிச்சான். நான்தான் அவன் குத்தோட வலுத் தெரியாமப் பேசிட்டேன்.”

மாமாவின் நெஞ்சு குலுங்கியது என் கன்னத்தில் தெரிந்தது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்தால் அவர் சிரிக்கவில்லை.

அதற்குள் ஊசி இடது காதில் இறங்கிவிட்டது. நான் ஓவென்று அழுதேன். “முடிஞ்சுருச்சு பாப்பா, அம்புட்டுத்தான்” என்று எல்லோரும் என் வாயில் சர்க்கரையைத் திணித்தார்கள். காது வலித்து அழுகிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்கவில்லை. ஜெயித்த அப்பா, இத்தனை பேர் முன்னால் தோற்றுவிட்டாரே என்றுதான் நான் அழுதேன்.