பீலியில் வந்த பூ

மேல்கணக்கு லயத்து வரிசை வீடுகளில் அழகையாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘குளிர்ச்சாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைப் பக்கமாகச் சரிந்து இறங்குகிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மார்கழிப் பனியிலும் விடியுமுன் பீலியடிக்குப் போய்விடுவார். மலை ஓடையைத் தகரத்தில் திருப்பிவிட்டிருந்த பீலி அது. தலை நனைக்காமல் அவர் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனதே இல்லை.

“குளிர்ச்சாமி குளிச்சிட்டுப் போனா பீலிக்கே சளி புடிச்சிக்கிருது” என்று கருப்பம்மா குடத்தோடு நின்று கேலி செய்வாள்.

“சளி புடிச்சாலும் நிக்காம ஓடுதுல்ல? அப்பிடியே ஒன் வாய் மாதிரி” என்பார்.

அந்தப் பீலி நின்று யாரும் பார்த்ததில்லை. மழையே இல்லாத மாதங்களில் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கு ஆட்கள்கூட அங்கேதான் வருவார்கள். லயத்துக்கு மேலே மலையிடுக்கில் இருந்த சிறு காடுதான் அதற்குக் காரணம். வெள்ளைக்காரன் தேயிலை போட்டபோது எப்படியோ வெட்டாமல் விட்ட காடு. உள்ளே கால் வைத்தால் மக்கிய இலை மெத்தைபோல அமுங்கும். மரங்களில் பாசி தாடியாகத் தொங்கும். பெய்கிற மழையெல்லாம் அந்த மெத்தைக்குள் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றில் கசிந்து, ஓடையாகி வரும். ஊற்றடியில் ஒரு கருங்கல் நின்றது. அதுதான் ஊத்துச்சாமி. அழகையா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற தொழிலாளி. அந்தச் சாமிக்குப் பூசாரியும் அவர்தான். அந்தக் காட்டுக்குள் அவர் ஒரு நாளும் கத்தி கொண்டுபோனதில்லை. வாசலில் ஒரு வேரில் செருகிவிட்டு, வெறுங்கையோடு போய் விளக்கேற்றுவார்.

தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு மாறிய மறு வருஷம் நிர்வாகம் பார்க்கப் புதிய துரை வந்தார். தொழிற்சாலை அடுப்புக்கு எண்ணெய் கிடைக்காத காலம். அந்தக் காட்டை வெட்டி விறகாக்கிவிட்டு, சீக்கிரம் வளர்கிற தைல மரம் நட வேண்டும் என்றார். சனங்கள் யாரும் கத்தி எடுக்கவில்லை. “சாமி இருக்கிற எடம். சாமி சொன்னா வெட்டுறோம்” என்று பெரட்டில் சொல்லிவிட்டார்கள்.

அப்போது முன்னால் வந்தவர் இராமையா. தோட்டக் கமிட்டித் தலைவர். அழகையாவின் மனைவி ரெங்கம்மாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன். “அதுக்கென்ன, சாமிக்கிட்டயே பூக் கேட்டுப் பாத்துருவோம்” என்றார்.

பூக் கேட்பது அந்த லயத்தில் கல்யாணத்துக்கும் உண்டு, வேறு தோட்டத்துக்கு மாறிப் போவதற்கும் உண்டு. வெற்றிலையில் ஒரு வெள்ளைச் சாமந்தி, இன்னொரு வெற்றிலையில் ஒரு சிவப்பு ரோஜா, இரண்டையும் மஞ்சள் நூலால் பொட்டணம் கட்டிச் சாமிமுன் வைப்பார்கள். கட்டுகிறவர் வேறு, எடுக்கிற பூசாரி வேறு. வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் சம்மதமில்லை. எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்ட பாவம். அதை அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும்.

பொட்டணம் கட்டினவர் இராமையா.

ஈர வேட்டியோடு கண்ணை மூடிக்கொண்டு அழகையா ஒன்றை எடுத்தார். மனசு முழுக்கச் சிவப்பு, சிவப்பு என்றே வேண்டிக்கொண்டிருந்தது. பிரித்தார். வெள்ளை. “வெள்ளப் பூ!” என்று கூட்டம் கத்தியது, தப்பு முழங்கியது. வழக்கப்படி அவர் மற்றப் பொட்டணத்தை ஓடையில் விட்டார்.

பூசாரிதான் முதல் வெட்டுப் போட வேண்டும் என்பதும் வழக்கம். வேரில் செருகிவைத்த கத்தியை எடுத்து வந்து, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முதல் மரத்தில் அவர்தான் வெட்டினார். பிறகு கல்லைச் சாக்குப் படங்கில் சுற்றித் தோளில் சுமந்துபோய், கீழே மாரியம்மன் கோயிலின் பின்னால் வைத்தார்.

ஒரு மாதத்தில் காடு காலி. அதே மாதத்தில் அவருடைய மகள் தனலெட்சுமிக்குப் புள்ளமடுவத்தில் வேலை கிடைத்தது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. மழையில் நனைய வேண்டாம், அட்டைக்கடி இல்லை. ஊத்துச்சாமி ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுத்திருக்கிறது என்று அழகையா நினைத்தார். சாமிக்குத் தேங்காய்கூட உடைத்தார்.

முதல் மழைக்கே பீலியில் செம்மண் கரைசலாக வந்தது. இலை மெத்தை போய்விட்டதால் பெய்த தண்ணீர் நிற்க இடமில்லாமல் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடியது. ஒளிய இடமில்லாத காட்டுப்பன்றி லயத்துத் தோட்டங்களில் இறங்கி மரவள்ளியைக் கிண்டியது. தைல மரம் சொன்னபடியே மளமளவென்று வளர்ந்தது. அதன் அடியில் ஒரு புல் முளைக்கவில்லை. இரண்டாம் வருஷக் கோடையில் பீலி நூல்போல ஆனது. மூன்றாம் வருஷம் சொட்டியது. அதற்கடுத்த கோடையில் நின்றே போனது.

பெண்கள் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, அதே களைப்போடு பள்ளத்து ஆற்றுக்கு இறங்கிக் குடம் சுமந்தார்கள். அழகையா குளிப்பதை விட்டுவிட்டார். குடிக்கத் தூக்கி வருகிற தண்ணீரில் எப்படிக் குளிப்பது? ‘குளிர்ச்சாமி’ என்று கூப்பிடுவதும் தானாக நின்றுபோனது. அவர் விளக்கேற்றுவதையும் விட்டார். கோயில் பின்னால் கிடந்த கல்லைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு சாயங்காலம் கருப்பம்மாவும் இன்னும் சிலரும் அவர் குடியிருந்த காம்பரா வாசலுக்கு வந்தார்கள்.

“சாமிக்கு ஒரு பூச போடுங்க. ஊத்து தொறந்தாலும் தொறக்கும்.”

“அந்தக் கல்லுக்கா? நான் மாட்டேன். வெட்டாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? வெள்ளப் பூவக் குடுத்து நம்மள ஏமாத்தின சாமி அது! செவப்பு குடு, செவப்பு குடுன்னு எப்பிடிக் கேட்டேன்! துரோகி.”

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். அப்போதுதான் ஆற்றிலிருந்து ஏறி வந்த ரெங்கம்மா, இடுப்புக் குடத்தை இறக்காமல் அங்கேயே நின்றாள்.

“சாமிய ஏசாதீங்க.”

“ஏசத்தான் செய்வேன்.”

“ஏசாதீங்கங்க. சாமி என்ன செய்யும்? ரெண்டுலயும் வெள்ளப் பூதான் இருந்திச்சு.”

அவருக்கு முதலில் புரியவில்லை. ரெங்கம்மா குடத்தை இறக்கிவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள். பூக் கேட்ட அன்று சாமிப் பொங்கலுக்குத் தண்ணீர் பிடிக்கப் பெண்களெல்லாம் பீலியடியில் நின்றார்கள். மேலே ‘வெள்ளப் பூ’ என்ற சத்தம் கேட்டதும் மற்றவர்கள் ஏறி ஓட, இவள் மட்டும் குடம் நிறையட்டும் என்று நின்றாள். ஓடையில் வந்த பொட்டணம் பீலி வழியாக இவள் குடத்துக்குள்ளேயே விழுந்தது. தண்ணீரில் நூல் நெகிழ்ந்து, வெற்றிலை விரிந்துவிட்டது. உள்ளே வெள்ளைச் சாமந்தி.

“ஒங்கண்ணன்கிட்ட கேட்டியா?”

“அன்னைக்கே கேட்டேன். ‘வாய மூடிக்கிட்டிரு, தனத்துக்குப் புள்ளமடுவத்துல எடம் வாங்கித் தாரேன்’னுச்சு.”

“நீயும் மூடிக்கிட்ட.”

“மழையில நின்னு என் கால் ரெண்டும் அழுகிக் கெடந்திச்சு. எம்மகளுக்காவது வேணாம்னு பாத்தேன். பீலி நிக்கும்னு நான் கண்டேனா?”

“நான் தேங்கா ஒடச்சப்ப பக்கத்துல நின்னு கும்பிட்டியே, ரெங்கம்மா.”



இராமையா இப்போது தொழிற்சாலைக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தார். அங்கே குழாய்த் தண்ணீர். அழகையா போனபோது முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“வாங்க மச்சான், தேத்தண்ணி குடிக்கிறீங்களா?”

“ரெண்டுலயும் வெள்ளயா?”

இராமையா குழாயை மூடவில்லை. “அவ சொல்லிட்டாளா?” என்றார். “செவப்பு வந்திருந்தா மட்டும் தொர விட்டிருப்பாரா மச்சான்? வெளியாள் வச்சு வெட்டியிருப்பாரு. நம்ம சனத்துக்கு அந்த வேலையாவது கெடைக்கட்டும்னுதான்…”

“வெட்டியிருப்பாரு. ஆனா என் கையில கத்தி இருந்திருக்காது.”

“அது ஒண்ணா பெருசு?”

“நான் இத்தன நாளா சாமிய ஏசியிருக்கேன்டா! அதுகிட்ட நம்ம கேக்கவே இல்ல. கேக்காமலே ஏசியிருக்கேன்!”

மச்சானை அவர் ‘டா’ போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை. இராமையாவின் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். குழாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அழகையா குனிந்து அதை இறுக்கி மூடிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மறுநாள் ஞாயிறு. கோயில் பின்னாலிருந்த கல்லைப் படங்கில் சுற்றிக்கொண்டு மலையேறினார். தைல மரங்களுக்கிடையே காய்ந்த இலை சருகாகக் கால்களில் வழுக்கியது. ஒரு குருவிச் சத்தம் இல்லை. ஊற்று இருந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வெடித்த களிமண்ணில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். கல்லை அதில் நிறுத்தினார். சாமியை நிறுத்தினால் முழுக்காட்ட வேண்டும். முன்பெல்லாம் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி ஊற்றுவார். இன்றைக்கு அங்கே நாக்கை நனைக்கக்கூட ஒரு சொட்டு இல்லை.

பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. ரெங்கம்மா. பள்ளத்து ஆற்றிலிருந்து லயம் தாண்டி, அத்தனை மேட்டையும் ஏறி, தலையில் ஒரு குடத்தோடு வந்து நின்றாள்.

“இந்தாங்க” என்றாள்.

வாங்கக்கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் சாமி காய்ந்துபோய் நின்றது. வேறு தண்ணீரும் இல்லை.

அவள் முகத்தைப் பார்க்காமல் குடத்தை வாங்கினார். கல்லின் தலையில் ஊற்றினார். ஒரு குடம் தண்ணீரும் பள்ளத்தில் விழுந்த சுவடு தெரியாமல் மண்ணுக்குள் போனது. வெறுங்குடத்தை அவள் காலடியில் வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் தனியாக இறங்கி நடந்தார்.