பியானோவுக்குள் பெய்த தூறல்

மகளைப் பகலில் தூங்க வைக்க ஃபோனில் எதையோ தேடியபோதுதான் அந்தப் பியானோ இசை எனக்குக் கிடைத்தது. பாட்டு இல்லை, மேளம் இல்லை, ஒருவர் மட்டும் வாசிப்பது. அதே இசையைப் பலர் வாசித்துப் பதிவு செய்திருந்தார்கள். ஒரு பெண் வாசித்த பழைய பதிவுக்கு மட்டும் என் எட்டு மாதக் குழந்தைக்குக் கண் சொக்கும். அதில் முதலிலிருந்து கடைசிவரை ஓர் இரைச்சல். பிஞ்சுக் காதுக்குக் கெடுதலோ என்று பயந்து, ஓர் இளைஞர் வாசித்த சுத்தமான புதுப் பதிவுக்கு மாறினேன். அவள் தூங்கவே இல்லை.

கணவரிடம் சொன்னேன்.

"ரெண்டும் ஒரே பாட்டுதான கீது? சும்மா மனசப் போட்டு பேஜார் பண்ணிக்கினு கீற" என்றார்.

இருக்கலாம் என்று நினைத்தேன். நான் படித்தது கணக்கு. இசையில் எனக்கு என்ன தெரியும்? இருந்தும் பாத்திரம் தேய்க்கும்போது இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். இளைஞர் ஒரு வரியை முடித்த வேகத்தில் அடுத்ததற்குப் போய்விடுகிறார். அந்தப் பெண் கடைசி சுரத்துக்கு முன்னால் கொஞ்சம் காத்திருக்கிறார். தூங்கிய பிள்ளையைப் பாயில் இறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோமே, அதுபோல. வெட்கத்தை விட்டு இதையும் சொன்னேன். ஃபோனைப் பார்க்காமல் எது யார் வாசித்தது என்று கண்டுபிடி பார்க்கலாம் என்று அவர் பந்தயம் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை. அறுத்த நெல் வாசலுக்கு எதிரே ரோட்டோரம் காய்ந்துகொண்டிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதலில் வந்தது புதுசு, சொல்லிவிட்டேன். அடுத்தது தொடங்கியதுமே, உள்ளே படுத்திருந்த மாமியார் எழுந்து ஓடிவந்தார்.

"தூறல் போடுதுடா, நெல்ல மூடுடா."

கணவரும் ஃபோனைக் கீழே போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினார். தார்ப்பாயைப் பாதி இழுத்த பிறகுதான் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தவர் விடவில்லை. இரைச்சலை வைத்து யாரும் கண்டுபிடிக்கலாம் என்றார். எனக்கும் திக்கென்றது. குழந்தையும் நானும் வெறும் சத்தத்தைத்தான் விரும்பினோமோ? அவர் எதையோ தேடிப் போட்டார். இரைச்சல் துளியும் இல்லை. புதுசு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது கடைசி சுரத்துக்கு முன்னால் அந்தக் காத்திருப்பு வந்தது.

"இது அந்தப் பழைய அம்மாதான். சத்தத்த மட்டும் தொடச்சி எடுத்திருக்காங்க" என்றேன்.

அவர் ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் தோளில் மகள் தூங்கியிருந்தாள்.

இப்போது எந்தப் பதிவைப் போடுவது என்று நான் யாரையும் கேட்பதில்லை. இரைச்சலோடு இருப்பதைத்தான் போடுகிறேன். நெல் காயும் நாட்களில் மாமியார் ஓடுவதற்கு முன் உள்ளிருந்தே கேட்கிறார்: "மழையா, உன் பாட்டுப் பொட்டியா?"

"பொட்டிதான் அத்த" என்கிறேன். அவர் வானத்தைக்கூடப் பார்ப்பதில்லை.