ஆஸ்கர் மீனுக்கு ஆயுத பூஜை

தமிழ்ச்செல்வியின் வீட்டுக்காரர் காசிமாயன், விளாங்குடியில் கட்டிய புதுவீட்டு ஹாலில் நாலடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, உள்ளங்கை அகல ஆஸ்கர் மீன்கள் இரண்டை விட்டார். தின்றதில் பாதியைத் துப்பி, மீதியைக் கழிந்து தண்ணீரை நாறடிக்கிற ரகம் அது. அதனால்தான் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: “அண்ணே, ஃபில்டர் பஞ்சுல படியுற வழவழப்புதான் தண்ணியக் கெடாம வச்சிருக்கும். அத சோப்புப் போட்டுக் கழுவிராதீங்க.”

“அழுக்கு தண்ணியச் சுத்தம் பண்ணுமாம்ல!” என்று வீட்டுக்கு வந்து சிரித்தார் மேதாவி.

ஆயுத பூஜை வந்தது. பைக்கிலிருந்து மிக்ஸி வரை தமிழ்ச்செல்வி கழுவித் துடைத்து வைக்க, பொட்டு வைப்பதற்கு மட்டும் எழுந்து வருகிற பெரிய மனுஷர், அன்று ஃபில்டரைத் தானே கழற்றினார். பஞ்சைச் சோப்புப் போட்டுக் கசக்கி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்.

மூன்றாம் நாள் தண்ணீர் கஞ்சியாக வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

“எவன் கண்ணோ பட்ருச்சு” என்று தொட்டிக்கு மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்.

தண்ணீர் மாற்ற வாளியோடு வந்த தமிழ்ச்செல்வி நின்று பார்த்தாள். “கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்துல நீங்க கழுவுன ஒரே சாமான் இதுதான். அதுவும் கழுவக் கூடாத சாமான்.”