கையை வெட்டச் சொன்னவர்

எங்கள் பீங்கான் பொம்மைக் கம்பெனியில், சூளைச் சூட்டில் டப்பாவை வைத்துச் சூடாக்கிச் சாப்பிடும்போதெல்லாம் சண்டைதான். "திருடனுக்குக் கோர்ட்டு எதுக்குங்க? கைய வெட்டிடணும்" என்பார் சூளைக்காரர். "விசாரிக்காம எப்படிங்க வெட்டுவீங்க?" என்று நான் கத்துவேன்.

போன மாதம் வேப்பூர் பஸ் ஸ்டாண்டில், செல்போன் திருடியதாக என் தம்பியைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. அங்கே பஸ்ஸுக்கு நின்றிருந்த சூளைக்காரர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "போலீஸ் வரட்டும், யாரும் கை வைக்காதீங்க" என்று அடிகளைத் தன் முதுகில் வாங்கியிருக்கிறார். அவன் என் தம்பி என்பது அப்போது அவருக்குத் தெரியாது. கடைசியில் அந்தச் செல்போன், தொலைத்தவரின் பையிலேயே கிடந்தது.

மறுநாள் நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், "திருடனுக்கெல்லாம் கைய வெட்டணும்" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் என் முட்டையை எடுத்து அவர் டப்பாவில் வைத்தேன்.