சீட்டில்லாத குழாய்கள்

எனக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். அவளுக்கு மூன்று. ஆய்வுக்கூடங்களை நடத்துவது எப்படி என்று சொல்லித்தர வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷ மேற்படிப்பு வந்திருக்கிறது, நம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னபோது, என் பெயரைத்தான் சொல்லப்போகிறார் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். அவர் சொன்னது அவள் பெயரை. அவள் பி.எஸ்ஸி. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து லேப் சர்டிபிகேட் வாங்கியவள்.

அறுபதுகளின் கடைசி. டோல்கேட் பக்கம், துறைமுகத்து ஆட்களும் ஆலைத் தொழிலாளர்களும் வந்து போகும் சின்ன ஆஸ்பத்திரி அது. லேபில் நாங்கள் மூன்று பேர்: நான், அவள், எந்நேரமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் ஓர் ஆண் டெக்னீஷியன். இன்சார்ஜ் யார் என்று டாக்டர் முடிவு செய்யவில்லை. நான் முடிவு செய்து பல வருஷம் ஆகியிருந்தது. அவள் படித்துவிட்டு வந்தால் அந்த நாற்காலி அவளுக்குப் போய்விடும்.

அவளுக்கு ஸீட் கிடைக்கக் கூடாது என்று ராயபுரத்தில் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். கிடைத்துவிட்டது. வேறு வழியில்லாமல் சென்ட்ரலுக்கு வழியனுப்பப் போனேன். புதுப் பெட்டி, புதுச் செருப்பு, கழுத்தில் மாலை. அவள் வீடு இருக்கும் வியாசர்பாடியே திரண்டு வந்திருந்தது. "வர்ட்டாக்கா" என்று என் கையைப் பிடித்தாள். ரயில் நகர்ந்ததும் அவள் அம்மா அழுதாள்; எனக்கும் கண் கலங்கியது. பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாம் வருஷம் ஆய்வேடு எழுதுவதற்காக எங்கள் லேபுக்கே வந்து இரண்டு மாதம் இருந்தாள். ஒவ்வொருவர் ரத்தத்தையும் இரண்டு குழாயில் பிரிக்கச் சொன்னாள். ஒன்று வழக்கம்போல டாக்டரின் சீட்டோடு வரும். இன்னொன்றில் வெறும் எண். கம்பவுண்டர் கலைத்துப் போட்டுக் கொடுப்பார்; அவள் உட்பட மூன்று பேரும் பார்த்து எழுத வேண்டும்.

"இது இன்னாத்துக்குடீ?" என்றேன்.

"சீட்டப் பாத்தா நம்ம கண்ணு மாறுதான்னு பாக்கத்தாங்க்கா."

அப்போதெல்லாம் ஹீமோகுளோபினைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்வோம். ரத்தத்தை ஆசிட்டில் கலந்து, பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். எந்தக் கோட்டில் நிறுத்துகிறோமோ அதுதான் அளவு. சீட்டில் டாக்டர் ரத்தசோகை என்று சந்தேகப்பட்டிருந்தால் என் கை இரண்டு சொட்டு முன்னதாகவே நின்றுவிடும். வேண்டுமென்று செய்ததில்லை, தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். "நான் நினைச்ச மாதிரியே ரிப்போர்ட் வருதும்மா" என்று டாக்டர் என்னை மெச்சியதெல்லாம் அதனால்தான். வெறும் எண் ஒட்டிய குழாயோடு ஜன்னலோரம் நின்றால் எங்கே நிறுத்துவதென்றே தெரியவில்லை. அவள் அடுத்த மேஜையில் நிதானமாகச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சில மாதம் கழித்து, டைப் அடித்த ஆய்வேட்டை டாக்டரிடம் காட்ட வந்தாள். அவர் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் அதைப் புரட்டினேன். தப்பு ஏதாவது கிடைக்காதா என்றுதான். பெயர்கள் இல்லை, ஏ, பி, சி என்று மூன்று டெக்னீஷியன்கள். என் இங்கிலீஷ் அரைகுறை, ஆனாலும் பி-யைப் பற்றி எழுதியது புரிந்தது. சீட்டு இருந்தால் பி-யின் அளவு டாக்டரின் சந்தேகத்தோடு ஒத்துப்போகிறது, சீட்டு இல்லாவிட்டால் தடுமாறுகிறது, மூவரில் பி-தான் மோசம்.

டாக்டரும் அவளும் உள்ளே வந்தார்கள். பின்னால் மூக்குறிஞ்சி.

"இன்னாடீ நெனச்சிகினு கீற? இந்த பி நான்தானே? சீட்டப் பாத்துதான் போடுறேன்னு என் மானத்த டைப் அடிச்சி எட்தாந்து கீறியா?" என்று கத்தினேன். வராந்தாவில் இருந்த நோயாளிகள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, பி நான்தாங்க்கா. நீ சி" என்றாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நீங்களும் சீட்டைப் பாத்துட்டுத்தான் போடுறீங்களாம்மா?"

ஆய்வேட்டை மூடி மேஜைமேல் வைத்தேன். நாற்காலி எனக்கில்லை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அதுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. நான் இத்தனை வருஷமாக மூடி வைத்திருந்த அதே குறை தன்னிடமும் இருக்கிறது என்று அவள் தானே எழுதி, டைப் அடித்து, அட்டை போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். அதற்குப் பட்டமும் வாங்கப் போகிறாள். அதுவரை அவள்மேல் எனக்கு இருந்ததெல்லாம் சும்மா எரிச்சல். பொறாமை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.