மிச்சம் ஒரு புருவம்

எங்கள் தெரு பியூட்டி பார்லர்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் நூலக்கா. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் புருவம் எடுத்தால் வில் மாதிரி வரும். ஒரே தொல்லை, பல்லில் நூல் இருக்கும்வரை அவரால் வாயைத் திறக்க முடியாது. இது தெரிந்துதான் நம் ஆட்கள் அந்த நேரம் பார்த்து ஆலோசனைகளை அவிழ்த்துவிடுவார்கள்.

எல்லாம் அவர் மகளைப் பற்றித்தான். பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே கழுத்து நிற்காது, பேச்சு வராது. கண்ணாடி ஓரமாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துக் கடை அதிரச் சிரிப்பாள். "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணியோ..." என்று ஒருத்தி இழுத்தால், நூலக்காவும் நூலைக் கொஞ்சம் கூடுதலாக இழுப்பார். பேசியவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வரும். வேலை முடிந்தபின், "அழாதீங்க, உங்க பாவம்தான் வெளியேறுது" என்பார்.

அன்று வந்து சாய்ந்தவர் நூலக்காவின் நாத்தனார். சாயங்காலம் நாத்தனார் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. பக்கத்து நாற்காலியில் தலை நிறைய டையோடு நான். ஒரு புருவம் முடிந்து நூல் அடுத்ததற்குத் தாவும்போது நாத்தனார் ஆரம்பித்தார்.

"நீ மட்டும் வந்துட்டுப் போ. பாப்பாவ யாருகிட்டயாவது விட்டுடு. சம்பந்தி வீட்ல ஆயிரம் கேப்பாங்க, எனக்குத்தான் அசிங்கம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாப்பா புது கவுனை மாட்டிக்கொண்டு காலையிலிருந்தே தயாராக இருந்தாள்.

நூலக்கா நூலைத் துப்பினார்.

"அவ்ளோதான் அண்ணி, எழுந்திரிங்க."

நாத்தனார் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கம் வில், இன்னொரு பக்கம் கம்பளிப்பூச்சி. பாப்பா சிரித்தாளே ஒரு சிரிப்பு!

"அடிப்பாவி! இப்படியே போனா எல்லாரும் என்னையே பாப்பாங்களேடி!"

"பாக்கட்டுமே அண்ணி. எங்களுக்கு இது தினமும் நடக்கறதுதான். நீங்க ஒரு நாள் சமாளிக்க மாட்டீங்களா?"

நாத்தனார் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். நான் டையைச் சாக்காக வைத்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

"சரி, கூட்டிட்டு வா."

"முன் வரிசையில உக்காருவா."

"உக்காரட்டும்டி. முதல்ல நூலை எடு!"

வரவேற்புக்கு நானும் போயிருந்தேன். முன் வரிசையைப் பார்த்து சம்பந்தியம்மா, "யாருங்க இந்தப் பொண்ணு?" என்று கேட்டார். நாத்தனாரின் கை தானாகப் புருவத்துக்குப் போனது.

"என் தம்பி பொண்ணு," என்றார் சத்தமாக.

அவர் புருவத்தைத் தொட்டதைப் பார்த்ததும் பாப்பா சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கிப் பார்த்த நாத்தனாரும் கடைசியில் சிரித்துவிட்டார். சம்பந்தியம்மாவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.