காரியாபட்டிக் கடைக்காரர் கேட்ட கேள்வி

அறுபதுகளில் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்தோம். சர்டிபிகேட் வாங்கிய போர்மேன்தான் அங்கே வெடிமருந்து கலக்குவார். தீபாவளி சீசனில் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆர்டர் கொடுக்க வந்திருந்த காரியாபட்டிக் கடைக்காரருக்கு முன்னால், முதலாளி என் வீட்டுக்காரரிடம், "ஏலே, இன்னைக்கு நீ கலக்கு" என்றார்.

தரையில் உரசித் தீப்பொறி வரும் என்று வேலைக்கு நுழையும்போதே மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வோம். அன்றைக்கு அதை மறுபடி போடுவேனா என்று பயந்து, முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆம்பளைகள் முன்னால் பேசிப் பழக்கமில்லை.

"இவருக்கு சர்டிபிகேட் இருக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பாத்துப் பழகுன கை, அண்ணாச்சி. நீங்க ஆர்டரச் சொல்லுங்க" என்றார் முதலாளி.

"அதச் சொல்லி நான் எப்பிடி விக்க? யாவாரம்னா சரக்கத் தள்ளிவிடுறதா? எங்கிட்ட வாங்குறவுக பிள்ளைக கையில கொடுப்பாக. போர்மேன் வரட்டும், நானும் வாரேன்."

முதலாளி முகம் சுண்டிப்போனது. ஆனாலும் கலவை அறையைப் பூட்டச் சொல்லிவிட்டார்.

பிறகு என் வீட்டுக்காரரும் முறையாகப் பழகி சர்டிபிகேட் வாங்கினார். அவர் கலவை அறைக்குள் போன நாளெல்லாம் எனக்குப் பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால், முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.